ஓரத்தில் நின்றவர்



"வருஷா வருஷம் மெஸ் சாப்பாடு, கட் அடிச்ச கதைன்னே எழுதிக்கிட்டு இருக்கோம். இந்தத் தடவை நீ ஏதாவது சரித்திரம் எழுது" என்று மலர்க்குழுவிலிருந்து உத்தரவு வந்தது. சரித்திரம் என்றதும் சோழர் காலத்துக்குப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்கு நம் சங்கத்திலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனவே நம்ம ஹாஸ்டல் அறையில் எனக்கு அறிமுகமான ஒருவருடைய சரித்திரத்தை எழுதுகிறேன். அவர் நம் கல்லூரிக்காரர் அல்ல, நம் நாட்டுக்காரரும் அல்ல. ஆனால் நம்மில் பலரைப் போலவே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்.

நான் முதலாண்டு சேர்ந்தது 1983ல். இரண்டாம் மாடியில் ஒரு சீனியரிடம் டேப் ரெக்கார்டர் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அவர் மாமா அனுப்பிய கேசட்டுகளும் இருந்தன. அதில் ஒன்று 'க்வீன்' என்ற இங்கிலீஷ் ராக் குழுவினுடையது. பாட்டு வார்த்தை ஒன்றும் புரியாது. ஆனால் ஒரு பாட்டு மட்டும் தொடங்கிய உடனே வராண்டாவில் போகிறவன்கூட நின்று தலையாட்டுவான். அடியிலிருந்து வரும் அந்த 'டும்... டும்... டும்' சத்தம் தரை வழியாகக் காலில் ஏறும். கேசட் அட்டையில் நாலு முகம். பாடுகிறவர் பேர் எல்லோருக்கும் தெரியும், ஃபிரெடி மெர்க்குரி. அந்த 'டும் டும்' யாருடையது என்று சீனியருக்கும் தெரியவில்லை. "இதோ, ஓரத்துல நிக்கிறான் பாரு, அவனா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஓரத்தில் நின்றவர் பெயர் ஜான் டீக்கன். குழுவின் பேஸ் கிட்டார் வாசிப்பாளர். அந்தப் பாட்டை வாசித்தது மட்டும் அல்ல, எழுதியதும் அவரே என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று.

பேஸ் என்றால் என்ன?

இசை பழக்கம் இல்லாதவர்களுக்காக இரண்டு வரி. சாதாரண கிட்டாருக்கு ஆறு தந்தி, பேஸ் கிட்டாருக்குப் பொதுவாக நாலு. கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்த்திருப்பார்கள். மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில் அந்த ஒலி சரியாக வராது. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரியும். ஒரு பக்கம் டிரம்ஸின் தாளம், மறுபக்கம் பாட்டும் கிட்டாரும். இரண்டையும் இணைத்துப் பிடிப்பது பேஸ்.

கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும், பேஸ் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டு பேருக்கும் கதி ஒன்று. நிறுத்தினால்தான் அதுவரை இருந்ததே தெரியும்.

மின்சார பேஸ் கிட்டாரைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். அவருடைய 'ப்ரிசிஷன் பேஸ்' 1951ல் வெளிவந்தது. அதே 1951ல், ஆகஸ்ட் 19 அன்று, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் ஜான் டீக்கன் பிறந்தார். பின்னாளில் அவர் மேடையில் அதிகம் வாசித்ததும் அந்த ப்ரிசிஷன் பேஸைத்தான்.

லெஸ்டர் பையன்

லெஸ்டர் நம்ம திருப்பூர் மாதிரி பின்னலாடைக்குப் பெயர் போன ஊர். டீக்கனின் அப்பா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். நடுத்தரக் குடும்பம். பையனுக்கு ஏழு வயதில் ஒரு பிளாஸ்டிக் கிட்டார் கிடைத்தது. ஆனால் அவன் மனசு அதைவிட வயர், பேட்டரி, சால்டரிங் பக்கம்தான் போயிற்று. ரேடியோவில் வரும் பாட்டுகளை நேரடியாகப் பதிவு செய்கிற மாதிரி ஒரு பழைய டேப் ரெக்கார்டரைப் பிரித்து மாற்றி அமைத்தான். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பையன்கள் எல்லோருக்கும் போல அவனுக்கும் பீட்டில்ஸ் பைத்தியம்.

பதினோரு வயதில் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு பையன் இன்னும் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். விடிகாலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் ஒரு கிட்டார் வாங்கினான்.

1965ல், 14 வயதில், பள்ளித் தோழர்களோடு 'தி ஆப்போசிஷன்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதில் டீக்கன் முதலில் சாதாரண கிட்டார்தான் வாசித்தார். அடுத்த வருஷம் பேஸ் வாசித்தவன் சரிவரவில்லை. யாராவது ஒருத்தர் அந்த இடத்துக்குப் போகணும். யார் போவது? எல்லோருக்கும் முன்னால் நிற்கத்தான் ஆசை. டீக்கன் பேஸை எடுத்துக்கொண்டார். நம் கிரிக்கெட் டீமில் விக்கெட் கீப்பிங்குக்கு ஆள் பிடிப்போமே, அந்தக் கதைதான்.

நாலு வருஷம் அந்தக் குழுவோடு சுற்றுவட்டாரத்து கிளப்புகளிலும் ஹால்களிலும் வாசித்தார். 1969ல் லண்டன் செல்சி கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க இடம் கிடைத்தது. (இந்தக் கல்லூரி 1985ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு இணைந்துவிட்டது.) புறப்படும்போது பேஸையும் ஆம்ப்ளிஃபையரையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். பாட்டெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி, இனி படிப்பு என்று முடிவு.

இந்த முடிவை எடுத்த நம்மவர்கள் எத்தனை பேர்! வீணையைப் பரண் மேல் ஏற்றியவர்கள், மிருதங்கத்தை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் என் பேட்ச்சிலேயே நாலு பேரைச் சொல்வேன். டீக்கனால் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லி வாத்தியத்தை லண்டனுக்கு வரவழைத்துக்கொண்டார்.

லெக்சர் ஹாலில் ஒரு தேர்வு

லண்டனில் அப்போது இன்னொரு மூவர் பேஸ் வாசிப்பவருக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். மூவருமே கல்லூரிப் பிள்ளைகள். கிட்டார் வாசித்த பிரையன் மே இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல். டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து பிறகு உயிரியலுக்கு மாறியவர். பாடகர் ஈலிங் கலைக்கல்லூரியில் ஓவிய வடிவமைப்பு படித்தவர். அவர் இயற்பெயர் ஃபாரூக் பல்சாரா. ஜான்ஸிபாரில் பிறந்த பார்சி, நம் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் போர்டிங் பள்ளியில் படித்தவர். அவர்தான் ஃபிரெடி மெர்க்குரி. குழுவுக்கு 'க்வீன்' என்று பெயர் வைத்தவரும் அவரே.

1970 அக்டோபரில் டீக்கன் இந்தக் குழுவின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்வையாளராகப் பார்த்திருக்கிறார். மங்கிய வெளிச்சம், கறுப்பு உடை. பெரிதாக ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்! அடுத்த மாதம் தானே 'டீக்கன்' என்ற பெயரில் ஒரு குழு அமைத்துத் தன் கல்லூரியில் ஒரே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அத்தோடு அந்தக் குழு முடிந்தது.

1971 தொடக்கத்தில் ஒரு பொது நண்பர் மூலம் பிரையன் மேயையும் ரோஜர் டெய்லரையும் சந்தித்தார். சில நாள் கழித்து இம்பீரியல் கல்லூரியின் லெக்சர் ஹாலில் தேர்வு. அதற்குமுன் மூன்று பேர் அந்தக் குழுவில் பேஸ் வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்த பையனுக்கு வயது 19. அதிகம் பேசவில்லை, நன்றாக வாசித்தான், போதாக்குறைக்கு ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் தெரியும். அந்த மூன்று சத்தக்காரர்களுக்கு நடுவில் சண்டை போடாத ஒருவன் தேவைப்பட்டான். எடுத்துக்கொண்டார்கள். 1971 ஜூலை 2 அன்று முதல் முறையாக க்வீன் மேடையில் ஏறினார். அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கு அந்த நால்வரில் ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியாக வந்தவர், வயதில் இளையவர். 1973ல் முதல் இசைத்தட்டு வந்தபோது அட்டையில் அவர் பெயரையே 'டீக்கன் ஜான்' என்று திருப்பிப் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் கேட்க நன்றாக இருக்கும் என்று மற்றவர்களுக்குத் தோன்றியதாம். என் பேரை நேராகப் போடுங்கள் என்று அவர் சொல்லி, அடுத்த தட்டிலிருந்து சரியாயிற்று.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குழுவில் சேர்ந்ததும் அவர் படிப்பை விடவில்லை. நடுராத்திரி வரை ஒத்திகை, காலையில் வகுப்பு என்று இரண்டையும் இழுத்துப் பிடித்து முதல் வகுப்பில் தேறினார். இந்தப் பாட்டு நிற்குமா என்று அவருக்கே நிச்சயம் இல்லாத காலம் அது.

குப்பையில் கிடைத்த சர்க்யூட்

படித்த படிப்பு வீணாகவும் போகவில்லை. 1972 வாக்கில் லண்டன் தெருவில் கட்டட இடிபாடு கொட்டுகிற பெரிய இரும்புத் தொட்டி ஒன்றில் ஒரு சர்க்யூட் போர்டு கிடப்பதைப் பார்த்தார் டீக்கன். நாமாக இருந்தால் கடந்து போயிருப்போம். அவர் எடுத்து வந்தார். அது ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவின் உள்பாகம், ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்டது. அதை ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரி இணைத்து, ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் ஆக்கிவிட்டார். சத்தம் கூட்டக் குறைக்கத் திருகுகூடக் கிடையாது.

பிரையன் மே தன் கிட்டாரை ஒருநாள் அதில் செருகிப் பார்த்தார். அவர் கிட்டாரும் கடையில் வாங்கியது அல்ல, அப்பாவும் மகனுமாக வீட்டில் செய்தது. கிட்டாரின் சிக்னல் அந்தச் சின்ன சர்க்யூட்டைத் திணறடிக்க, ஒலி அழகாகச் சிதைந்து வயலின் போலவும் கிளாரினெட் போலவும் குழைந்து வந்தது. பெரிய ஆம்ப்ளிஃபையர்களால் அதைக் கொடுக்க முடியவில்லை. இப்படி ஒரே கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு வாத்தியக்குழு வாசிப்பது போன்ற பிரமையை உண்டாக்கினார் மே. 1975ல் வந்த 'குட் கம்பெனி' என்ற பாட்டில் ஒரு முழு ஜாஸ் கோஷ்டியே வாசிப்பதாகத் தோன்றும். எல்லாம் கிட்டார்!

'டீக்கி ஆம்ப்' என்று செல்லப்பெயர் பெற்ற அந்தப் பெட்டியைப் பல வருடம் கழித்துப் பொறியாளர்கள் திறந்து, ஒவ்வொரு உறுப்பாக அளந்து, பிரதி எடுக்கப் பெரும்பாடு பட்டார்கள். குப்பையில் கிடைத்ததைப் பிரதி எடுக்க ஒரு ஆராய்ச்சியே தேவைப்பட்டது! எலெக்ட்ரானிக்ஸ் லேப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடாதவர் எழுதிய பாட்டுகள்

க்வீனில் மற்ற மூவரும் பாடுவார்கள். டீக்கனுக்குக் குரல் இல்லை. முதல் இரண்டு தட்டுகளில் அவர் பாட்டு ஒன்றும் கிடையாது. 1974ல் மூன்றாவது தட்டில் 'மிஸ்ஃபயர்' என்று இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு குட்டிப் பாட்டு. பயந்து பயந்து நீட்டிய மாதிரி.

அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிற்று. மனைவியை நினைத்து 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' என்று ஒரு பாட்டு எழுதினார். அதற்கு எலெக்ட்ரிக் பியானோ வேண்டும் என்றார். மெர்க்குரிக்கு அந்த வாத்தியமே பிடிக்காது, வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். டீக்கன் வாக்குவாதம் செய்யவில்லை. அந்த வாத்தியத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகி, தானே பதிவில் வாசித்தார். 1976ல் அது பிரிட்டிஷ் பட்டியலில் 7ஆவது இடத்துக்கு வந்தது.

பிறகு 1980. 'தி கேம்' என்ற தட்டு, ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் பதிவு. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசை மீது டீக்கனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஈடுபாடு. அந்தக் காலத்தில் 'ஷீக்' என்ற குழுவின் பேஸ் வாசிப்பு அவரை மயக்கியிருந்தது. அந்த வழியில் ஒரு மெட்டுப் போட்டு, பேஸ், கிட்டார் என்று பெரும்பாலானதைத் தானே வாசித்துவிட்டார். எதிரொலியே இல்லாமல் வறண்ட டிரம்ஸ் சத்தம் வேண்டும் என்றார். ரோஜர் டெய்லருக்கு அரை மனசு. டிரம்முக்குள் கம்பளியைத் திணித்து ஒப்பேற்றினார்கள். இது நம்ம பாணியே இல்லையே என்று குழுவுக்குள்ளேயே சந்தேகம். தனித்தட்டாக விடுங்கள் என்று சொன்னவர்களில் மைக்கேல் ஜாக்ஸனும் ஒருவர்.

அதுதான் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. 1980 அக்டோபரில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். இரண்டாம் மாடியில் நம்மை நிற்க வைத்த பாட்டும் அதுவே. நம் சங்கத்து டாக்டர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 110 அடி. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்கிறார்கள். கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் தலைப்புக்கு 'இன்னொருத்தன் மண்ணைக் கவ்வினான்' என்று அர்த்தம் வருவதால், நோயாளி வீட்டார் முன்னால் பாடாமல் இருப்பது உத்தமம்.

1981ல் டேவிட் போவியோடு சேர்ந்து செய்த 'அண்டர் பிரஷர்' பாட்டின் புகழ்பெற்ற பேஸ் துணுக்கு டீக்கனின் விரலிலிருந்து வந்தது என்று சக கலைஞர்கள் சொல்கிறார்கள். அன்று வாசித்துவிட்டு எல்லோரும் பீட்ஸா சாப்பிடப் போனார்களாம். திரும்பி வந்தால் டீக்கனுக்கு அது மறந்தே போய்விட்டது! பக்கத்தில் இருந்தவர்கள் ஞாபகப்படுத்தினார்கள். மறந்தே போயிருந்தால் நமக்கு நஷ்டம்.

எல்லாம் வெற்றி என்று சொன்னால் அது சரித்திரம் ஆகாது. 1982ல் வந்த 'ஹாட் ஸ்பேஸ்' தட்டில் டீக்கனும் மெர்க்குரியும் அந்த நடன இசைப் பக்கம் இன்னும் இழுத்தார்கள். கிட்டாரைக் குறைத்ததில் பிரையன் மேயோடு மனஸ்தாபம். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 1984ல் அவர் எழுதிய 'ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ' ஐரோப்பாவில் பெரிய வெற்றி. ஆனால் படத்தில் நால்வரும் பெண் வேஷம் போட்டு நடித்ததை அமெரிக்கா ரசிக்கவில்லை. டீக்கனுக்கு அதில் பாட்டி வேஷம். இன்னும் பல நாடுகளில் அதையே மக்கள் விடுதலைப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அதே 1984 அக்டோபரில் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் க்வீன் போய் வாசித்ததும் நடந்தது. அதற்காகக் குழு கடும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. விடுதலைப் பாட்டை எழுதியவரும் அந்த மேடையில் இருந்தார் என்பதை மறைக்க முடியாது.

அடுத்த வருஷம், 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 'லைவ் எய்ட்'. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கான நிகழ்ச்சி. க்வீனுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம். ராக் மேடை வரலாற்றிலேயே சிறந்த நிகழ்ச்சிகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். அன்று பாடிய பாட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். மற்ற மூவர் எழுதியதும் இருக்கிறது. டீக்கன் எழுதியது ஒன்றுகூட இல்லை. வீடியோவில் அவரைத் தேடிப் பார்த்தேன். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று, லேசாகக் காலை ஆட்டிக்கொண்டு, முழுக் கச்சேரியையும் கீழிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை

இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஆரம்ப காலத்து ஒப்பந்தத்தில் குழுவின் தட்டுகள் நன்றாக விற்றன, ஆனால் கையில் காசு இல்லை. கல்யாணமான புதிதில் வீடு வாங்க டீக்கன் முன்பணம் கேட்டும் கிடைக்கவில்லை என்று குழுவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1975ல் வழக்கறிஞர் ஜிம் பீச்சின் துணையோடு அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார்கள். அதற்குப் பின் குழுவின் வரவு செலவைக் கூர்ந்து பார்க்கிறவராக டீக்கன் ஆனார். அவருக்குத் திருப்தி என்றால் மற்றவர்களுக்கும் திருப்தி.

பணத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பாட்டு எழுதியவருக்கு உரிமைத்தொகை. தனித்தட்டின் முன்பக்கத்தில் யார் பாட்டு, பின்பக்கத்தில் யார் பாட்டு என்று மனக்கசப்பு. கடைசியில் 1989ல் வந்த 'தி மிரக்கிள்' தட்டிலிருந்து எல்லாப் பாட்டையும் நால்வர் பெயரிலும் சேர்த்து 'க்வீன்' என்றே போட்டார்கள். யார் எழுதினாலும் பங்கு சமம். அப்போது மெர்க்குரியின் உடல்நலம் கெட்டிருந்தது. இதை முன்னாடியே செய்திருக்கணும் என்று பிற்பாடு அவர்களே சொன்னார்கள்.

போதும் என்ற சொல்

1991 நவம்பர் 24. எய்ட்ஸ் நோயால் ஃபிரெடி மெர்க்குரி காலமானார். வயது 45.

மூவரில் டீக்கனை அது அதிகம் உலுக்கிவிட்டது. 1992 ஏப்ரல் 20ல் வெம்ப்ளியில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் வாசித்தார். மெர்க்குரி பாடி வைத்துவிட்டுப் போன குரல்களைக் கொண்டு 1995ல் 'மேட் இன் ஹெவன்' தட்டை முடித்துக் கொடுத்தார். 1997 ஜனவரி 17 அன்று பாரீஸில் ஒரு பாலே நடன நிகழ்ச்சியின் முடிவில் எல்டன் ஜான் பாட, ஒரே ஒரு பாட்டுக்கு வாசித்தார். அதே வருஷம் மெர்க்குரியின் நினைவாக மேயும் டெய்லரும் பாடிய ஒரு பாட்டுக்குப் பேஸ் போட்டார். அத்தோடு பேஸைக் கீழே வைத்துவிட்டார். வயது 46.

விடைபெறும் கச்சேரி இல்லை, பத்திரிகையாளர் கூட்டம் இல்லை, சுயசரிதையும் இல்லை. 2001ல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் க்வீனைச் சேர்த்தார்கள். டீக்கன் போகவில்லை. அதே காலத்தில் மற்ற இருவரும் ஒரு புதுப் பாடகரோடு பழைய பாட்டைப் பதிவு செய்தபோது, மெர்க்குரி இடத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்க மனமில்லை என்ற பொருளில் ஒரு பத்திரிகையிடம் பேசினார். 2004லிருந்து பால் ராட்ஜர்ஸோடும், பின்னர் ஆடம் லாம்பர்ட்டோடும் மேயும் டெய்லரும் உலகம் சுற்றினார்கள். 2018ல் 'பொஹீமியன் ராப்ஸடி' திரைப்படம் வந்து உலகமெல்லாம் ஓடியது. எதிலும் அவர் மேடை ஏறவில்லை. தடுக்கவும் இல்லை. பெரிய முடிவுகள், அதிலும் பண விஷயம் என்றால், அவரிடம் சொல்லிவிட்டே செய்கிறோம், மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்ற அர்த்தத்தில் பிரையன் மே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? வசதி இருந்தது, நிறுத்தினார் என்று சொல்லலாம். அது உண்மைதான். அவர் எழுதிய பாட்டுகளின் வருமானம் அவர் நிறுத்தியதும் நின்றுவிடவில்லை. நமக்கெல்லாம் அந்த வசதி ஏது? ஆனால் அதே வசதி மற்ற இருவருக்கும் இருந்தது, அவர்கள் தொடர்ந்தார்கள். அவர்கள் செய்ததும் தப்பில்லை. நண்பனின் பாட்டைப் பாடிக்கொண்டே இருப்பது ஒருவிதமான விசுவாசம். அவன் இல்லாமல் எனக்கு அது முடியாது என்று விலகுவதும் இன்னொரு விதமான விசுவாசம். ஒரே வீட்டில் சாவு நடந்தால் ஒருத்தர் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார், ஒருத்தர் வாயே திறக்க மாட்டார். யாருக்குத் துக்கம் அதிகம் என்று நாம் தராசு பிடிக்க முடியுமா?

ஓரத்தில் நின்ற நம்மவர்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன்.

எங்கள் பேட்ச் குரூப் போட்டோவில் இடது ஓரத்தில் ஒருவன் நிற்பான். நாங்கள் 'வயரு' என்று கூப்பிடுவோம். ஹாஸ்டல் டே என்றால் மைக் செட், லைட், ஸ்பீக்கர் எல்லாம் அவன் பொறுப்பு. சீனியரின் டேப் ரெக்கார்டர் பெல்ட் அறுந்தபோது சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டு ஓட வைத்தவனும் அவனே. மேடையில் பாடினவன், ஆடினவன் பேரெல்லாம் இன்றைக்கும் சொல்கிறோம். கைதட்டல் அடங்கின பிறகு ராத்திரி ஒரு மணிக்கு அவன் தனியாக வயர் சுற்றிக்கொண்டிருப்பான். கூட நின்று சுற்றினது அவன் ரூம்மேட் ஒருவன்தான். அந்த ரூம்மேட் கல்லூரி முடித்து சில வருடத்திலேயே ஒரு சாலை விபத்தில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வயரு எந்த ரீயூனியனுக்கும் வந்ததில்லை. "பெரிய ஆளாயிட்டான்டா, நம்மள எல்லாம் கண்ணுக்குத் தெரியாது" என்று நாங்கள் பேசியிருக்கிறோம். நானும்தான் பேசினேன். வெள்ளி விழாவின்போது ஃபோன் செய்து, "என்னப்பா, அவ்வளவு தலைக்கனமா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இல்லடா, அந்த ஸ்டேஜ் பக்கம் வந்தா அவனத்தான் தேடுவேன்" என்றான். அவ்வளவுதான். விழா நன்றாக நடக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டான். சங்கத்தின் கல்வி உதவி நிதிக்கு வருஷா வருஷம் தவறாமல் வருகிற தொகைகளில் அவனுடையதும் ஒன்று என்று பொருளாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜான் டீக்கனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஃபோன்தான் ஞாபகம் வருகிறது. அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

மலர் கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் அவரவர் போட்டோவைத் தேடுவீர்கள். தேடுங்கள். அப்புறம் ஓரத்தில் நிற்கிறவர்களையும் ஒரு தடவை பாருங்கள். வந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். வராதவர்களுக்கு ஒரு மலரைத் தபாலில் அனுப்புங்கள். ஏன் வரலைன்னு மட்டும் கேட்காதீர்கள்.

வயருக்கு நானே அனுப்புகிறேன். அட்ரஸ் என்னிடம் இருக்கிறது.